மாட்டை ஓட்டிவிட்டது யாரு

காலையில மாட்டை ஓட்டிவிடுறது ஆம்பளை வேலையா பொம்பளை வேலையா என்கிற சண்டைக்கு எங்க வீட்ல எங்க கல்யாணத்தோட வயசு. பால் கறக்கிறது நான். கறந்த பாலைச் சூடு ஆறுறதுக்குள்ள மிஷின்ல ஊத்தி, கைப்பிடியைச் சுத்தி ஏடு பிரிக்கிறது நான். அடுப்பு மூட்டுறது, டீக்குத் தண்ணி கொதிக்கிற சமோவார்ல தண்ணி ஊத்துறது, பிள்ளைகளை உருட்டி எழுப்பிப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டுறது, எல்லாம் நான். கேட்டைத் திறந்து மாட்டை மேட்டுத் தண்ணித்தொட்டி வரைக்கும் ஓட்டிட்டுப் போய் மந்தையோட சேர்த்துட்டு வர்றது ஒண்ணுதான் எங்க வீட்டுக்காரர் சகின் செய்யவேண்டியது. அதுக்கே அவருக்கு முழங்கால் வலிக்கும், இடுப்பு பிடிச்சுக்கும், முந்தின நாள் டிராக்டர் ஓட்டின அலுப்பு வந்து மேல உக்காந்துக்கும்.

எங்க மலைக் கிராமம் ஆக்-தெரெக்ல மாடு மேய்க்கக் கூலி ஆள் கிடையாது. வீட்டுக்கு வீடு முறை. ஒரு மாடு இருக்கிற வீட்டுக்கு ஒரு நாள், ரெண்டு இருந்தா ரெண்டு நாள். அன்னைக்கு முறை உள்ளவர் மலைக்கு மேல வெயில் எட்டிப் பாக்கிறதுக்கு முன்னாடியே குதிரையோட தண்ணித்தொட்டிகிட்ட நிப்பார். வந்து சேர்ந்த மாடு போகும். சேராத மாடு நாள் பூரா வீட்ல நின்னு கத்தும், அதோட சேர்ந்து வீட்டுக்காரியும் கத்தணும்.

இப்படிக் கத்திக் கத்தி ஓய்ஞ்ச காலத்துலதான், போன வருஷம் பனி உருகி மந்தை கிளம்பின கொஞ்ச நாள்ல, எங்க சண்டை தானா நின்னு போச்சு. நான் பால் கறந்துட்டு வாளியோட உள்ள போவேன். ஏடு பிரிச்சு முடிச்சு வெளிய வந்து பாத்தா முற்றத்துல மாடு இருக்காது, கேட்டு கொக்கி போட்டிருக்கும். உள்ள போனா அந்த மனுசன் போர்வைக்குள்ள சுருண்டு கிடப்பார். ஆகா, சத்தமில்லாம எழுந்து போய் ஓட்டிவிட்டுட்டு வந்து மறுபடி படுத்துக்கிறாரே, ஆளு திருந்திட்டாரேன்னு எனக்குள்ள ஒரே பூரிப்பு. வாய்விட்டுப் பாராட்டலை. பாராட்டினா தலைக்கு மேல ஏறிக்கும், அப்புறம் நாளைக்கே முழங்கால் வலி வந்துரும். ஆனா அன்னையிலிருந்து அவர் ரொட்டியில பாலாடையை ரெண்டு விரல் கனத்துக்குத் தடவ ஆரம்பிச்சேன். அவரும் ஒண்ணும் கேக்காம தின்னார். தின்னு தின்னு கன்னம் வேற உப்பிப் போச்சு.

இந்த வருஷம் இலையெல்லாம் மஞ்சளாகி, விடியக்காலையில வெள்ளைப் பனி படிய ஆரம்பிச்ச ஒரு நாள், ஏடு பிரிச்சுக்கிட்டு இருக்கிறப்ப முற்றத்துல மாடு கத்துது. கஷ்கா எங்க மாடு, நெத்தியில வெள்ளைப் பொட்டு உள்ளது. அது கத்துற நேரமே இல்லை. வெளிய வந்து பாத்தா கேட்டுல மூக்கை வெச்சுக்கிட்டு நிக்குது. உள்ள போய் அவர் போர்வையை இழுத்தேன். மாட்டை ஏன் ஓட்டிவிடலைன்னு கேட்டேன். அவர் கண்ணைத் திறக்காமலே, நீதானே தினமும் ஓட்டுற, இன்னைக்கு என்ன புதுசா என்னைக் கேக்குறேன்னார்.

"நானா? நான் எப்ப ஓட்டினேன்?"

"நீ ஓட்டாம வேற யாரு ஓட்டினா? பால் கறந்த கையோட நீயே போயிட்டு வர்றியே, நல்ல மனசு வந்துருச்சேன்னுதான் நானும் வாயைத் திறக்காம இருந்தேன். கேட்டா வேலையை என் தலையில கட்டிருவ."

ஒன்றரை வருஷமா நான் ஊட்டின பாலாடை என் கண்ணு முன்னால வரிசையா வந்து நின்னுச்சு. ஆனா சண்டை போட நேரமில்லை. ரப்பர் செருப்பை மாட்டிக்கிட்டு, கையில கிடைச்ச கரண்டியோட கஷ்காவை விரட்டிக்கிட்டு மேட்டுல ஏறினேன். பாதி வழியில பாத்தா எனக்கு முன்னால கெஞ்ஜேகுல் ஓடுறா, எங்க பக்கத்து வீட்டுக்காரி. புருசனோட கோட்டை உள்பக்கம் வெளிய தெரிய மாட்டியிருக்கா. அவ மாடு ஒரு பக்கம் போகுது, இவ ஒரு பக்கம் போறா. அவளுக்கும் முன்னால எங்க ஊர் வாத்தியார், ஒரு கையில மாட்டுக் கயிறு, இன்னொரு கையில பல் தேய்க்கிற பிரஷ், வாயெல்லாம் நுரை.

கெஞ்ஜேகுல்தான் முதல்ல ஆரம்பிச்சா. "மதினி, எங்க வீட்டு ஆளு இத்தனை நாளா ஒழுங்கா ஓட்டிவிட்டுட்டு இருந்தாரு. இன்னைக்குக் கேட்டா, நான் எங்கடி ஓட்டினேன், நீதானடி ஓட்டினேங்கிறாரு. எனக்குப் புத்தி கெட்டுப் போச்சா, அவருக்கா?"

எனக்கு விலா நோகச் சிரிப்பு வந்துருச்சு. வாத்தியார் நுரையைத் துப்பிட்டு, எங்க வீட்லயும் இதே கதைதான்னார். அவர் சம்சாரம் செஞ்சதுன்னு நினைச்சு அவர் தினமும் அவளுக்குத் துணி பிழிஞ்சு குடுத்துட்டு இருந்திருக்கார். மூணு வீட்லயும் புருசன் பெண்டாட்டி ஒருத்தருக்கொருத்தர் நன்றியோட நடந்துட்டு இருந்திருக்கோம், செய்யாத வேலைக்கு. ஒருத்தரும் வாய் திறந்து கேக்கலை. கேட்டா அந்த நல்லது நின்னு போயிருமேன்னு எல்லாருக்கும் பயம்.

தண்ணித்தொட்டிகிட்ட அக்குன் மாமா முறைக்கு நின்னார். பெண்டாட்டி செத்த பிறகு அவர் வாய்க்கு வேலி இல்லாம போச்சு. எங்களைப் பாத்ததும் குதிரை மேல இருந்தபடியே, என்ன இன்னைக்கு மகாராணிகள் எல்லாம் நேர்ல வந்துட்டீங்கன்னார். இத்தனை நாளும் யாரு மாமா எங்க மாட்டைக் கொண்டுவந்தான்னு கேட்டேன்.

"தெரியாதா? கீழ்க்கோடி வீட்டுப் புள்ள, அந்தத் தெற்கத்திப் பத்கென்காரி. தன் கறுப்பு மாட்டோட கிளம்பி, ஒவ்வொரு கேட்டா கொக்கியைத் தூக்கி உங்க மாடுகளையும் சேர்த்து ஓட்டிட்டு வருவா. நீங்க சொல்லித்தான் செய்யுறாளாக்கும்னு நான் நினைச்சேன்."

வாத்தியார் தலையில அடிச்சுக்கிட்டார், என் முறையன்னைக்கு என் மாடு என்கூடவே இருக்கும், உங்க மாடுகளை அவ ஓட்டிட்டு வர்றதைப் பாத்து நானும் அப்படித்தான் நினைச்சேன்னார்.

அந்தப் பத்கென்காரி புருல்சுன் எங்க ஊருக்கு வந்து ரெண்டு வருஷம் இருக்கும். புருசன் தலந்த் லாரி ஓட்டுறவன், அவனோட வேலைக்காகத் தெற்கேயிருந்து குடி வந்தவங்க. வந்த புதுசுல வழக்கப்படி வீட்டுக்கு வீடு கூப்பிட்டு விருந்து வெச்சோம். அவ பேசுற பேச்சு எங்களுக்குப் பாட்டு மாதிரி இருக்கும், அதைச் சொல்லிச் சிரிச்சோம், அவளும் கூடச் சிரிச்சா. அதோட சரி. போன வாரம் தலந்த் புல்போர் மேலயிருந்து வழுக்கி விழுந்து தொடையை முறிச்சுக்கிட்டான்னதும் ஆளுக்கொரு கிண்ணம் ஆட்டுக்கறி சாறு கொண்டுபோய்க் குடுத்துட்டு, பாவம் பாவம்னு சொல்லிட்டு வந்தோம். அவ ஏழு மாச வயித்தோட நிக்கிறா, அந்த வீட்ல இனி மாட்டை யாரு பாப்பா, தண்ணி யாரு தூக்குவா, ஒண்ணும் எங்க மண்டையில ஏறலை. எங்க மாடு கேட்டுல நின்னு கத்தினப்பதான் ஏறுச்சு. இதை எங்க போய்ச் சொல்ல.

அடுப்பு வேலையைப் போட்டது போட்டபடி விட்டுட்டு நானும் கெஞ்ஜேகுலும் கீழ்க்கோடிக்குப் போனோம். தலந்த் மெத்தை விரிப்புல நீட்டி நிமிர்ந்து கிடந்தான், தொடையிலிருந்து பாதம் வரைக்கும் மாவுக்கட்டு. எங்களைப் பாத்ததும், வாங்க அக்கா, எழுந்து மரியாதை பண்ண ஆசைதான், கால் சம்மதிக்கலைன்னான். புருல்சுன் டீ போட எழுந்தா. நான் தோளைப் பிடிச்சு உக்கார வெச்சேன். அவளுக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. எதுக்குக் கலங்குதுன்னு பாத்தா, எங்ககிட்ட மன்னிப்புக் கேக்குறா.

"சொல்லாம நிறுத்திட்டேன்க்கா. மேட்டுல ஏறக்கூடாதுன்னு டாக்டரம்மா நேத்து கண்டிப்பாச் சொல்லிட்டாங்க. உங்க மாடெல்லாம் நின்னுருக்குமே. காலையில கத்துற சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு. காதைப் பொத்திக்கிட்டேன்."

 கெஞ்ஜேகுல்தான் கேட்டா, உனக்கு என்ன தலையெழுத்து புள்ள, ஊரான் மாட்டையெல்லாம் நீ எதுக்கு ஓட்டினேன்னு.

அவ சட்டை நுனியைத் திருகிக்கிட்டே சொன்னா. அவ கறுப்பு மாடு வேற ஊர் மாடு, புதுசு. மந்தையில மத்த மாடெல்லாம் முட்டும். தனியா நடக்கவே நடுங்கும், தெருவுல பாதி தூரம் வந்து திரும்பி வீட்டுக்கு ஓடிரும். ஒரு நாள் எங்க கேட்டுக்குள்ள கஷ்கா நின்னு இதைப் பாத்துக்கிட்டே இருந்திருக்கு. கொக்கியைத் தூக்கிவிட்டிருக்கா. ரெண்டும் சேர்ந்து நடந்ததும் கறுப்பு மாடு பயம் விட்டு நடந்திருக்கு. மறுநாள் கெஞ்ஜேகுல் வீட்டு மாடும், அதுக்கு மறுநாள் வாத்தியார் மாடும்.

"போற வழிதானக்கா. அதுங்க கூட வந்தா எனக்கும் துணையா இருக்கும். இங்க வந்த புதுசுல காலையில நான் பேசுறது உங்க மாடுங்களோடதான்."

 சுவருக்கு அந்தப் பக்கம் நான் கரண்டியோட உக்காந்திருந்திருக்கேன், இந்தப் பக்கம் இவ என் மாட்டோட பேசிட்டுப் போயிருக்கா. ஒரு நாள் கதவைத் திறந்து ஒரு வாய் டீ குடிச்சுட்டுப் போடின்னு சொல்ல ஆள் இல்லாமப் போச்சு.

அப்புறம்தான் அவ அடுத்ததைச் சொன்னா. மாட்டைப் பாக்க ஆள் இல்லைன்னு, ஞாயித்துக்கிழமை மாட்டு வியாபாரி வந்து அதை ஓட்டிட்டுப் போறதா பேசி முடிச்சாச்சாம். அதுக்கு முன்னாடி வெள்ளிக்கிழமை அவங்க முறை, அதை எப்படியாவது தானே பாத்து முடிச்சுட்டு, மாட்டைக் குடுத்துட்டு, தலந்த் கால் ஊன்றதும் பத்கென்ல அம்மா வீட்டுக்குப் போயிரலாம்னு இருக்காளாம். பிறக்கப்போற பிள்ளைக்கும் வீட்ல இருக்கிற மூணு வயசுப் பொண்ணுக்கும் பாலுக்கு அந்த ஒரு மாட்டைத் தவிர வேற வழி கிடையாது. அது போச்சுன்னா இங்க இருக்க ஒரு காரணமும் இல்லைன்னா. தலந்த் அந்தப் பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டான். அவனுக்கு இதுல சம்மதம் இல்லைங்கிறது அவன் பிடறியைப் பாத்தாலே தெரிஞ்சுச்சு.

முறையை நாங்க பாத்துக்கிறோம்னேன். அவ வேண்டாம்னா. மரியாதையாத்தான் சொன்னா, ஆனா உறுதியா.

"நாங்க வந்து சேர்ந்தவங்க அக்கா. ஒரு தடவை நீங்க பாத்துக்குவீங்க. அடுத்த தடவை? பனிக்காலம் முழுக்க? எல்லாருக்கும் பாரமா இருந்துட்டு இந்தத் தெருவுல நான் எப்படி நிமிர்ந்து நடப்பேன்?"

"ஒன்றரை வருஷமா நீ செஞ்சது மட்டும் என்னவாம்?"

"அது ஒண்ணுமே இல்லையேக்கா. கொக்கியைத் தூக்கிவிட்டேன், அவ்வளவுதான்."

"அப்ப நாங்க செய்யுறதும் ஒண்ணுமே இல்லைதான். அதை வாங்கிக்க மட்டும் உனக்குக் கஷ்டமா இருக்கு, இல்ல?"

அவ சிரிச்சா, ஆனா தலையை ஆட்டலை. பிடிவாதக்காரி.

வெள்ளிக்கிழமை நான் சகினை எழுப்பினேன், எழுந்திரிக்கலைன்னா இனி ஆயுசுக்கும் வெறும் ரொட்டிதான்னு சொல்லி. அவரும் குதிரையை இரவல் வாங்கிக்கிட்டுக் கீழ்க்கோடிக்குப் போனார், பின்னாலயே நானும் போனேன். அங்க போய்ப் பாத்தா கெஞ்ஜேகுல் புருசன் மக்சூத் கடையைப் பூட்டிட்டு வந்து நிக்கிறார், வாத்தியார் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிட்டு வந்து நிக்கிறார். ஒருத்தர் வர்றது ஒருத்தருக்குத் தெரியாது. நான் போறேன், நான் போறேன்னு மூணு பேரும் கேட்டுகிட்ட நின்னு சண்டை. மக்சூத் சொல்றார், சகினை நம்பி மந்தையை விட்டா மத்தியானம் அவர் தூங்கிருவார், மாடு மேய்ஞ்சு மலை தாண்டிச் சீனாவுக்கே போயிரும்னு. சகின் சொல்றார், மக்சூத் ஏறினா குதிரை முதுகு உடைஞ்சு அதுக்கும் மாவுக்கட்டு போடணும்னு. ஜன்னலுக்கு உள்ள இருந்து தலந்த் சிரிக்கிற சத்தம் தெருவுக்கே கேட்டுச்சு. விழுந்ததுக்கப்புறம் அவன் அப்படிச் சிரிச்சது அன்னைக்குத்தானாம்.

அந்த நேரம் புருல்சுன் வெளிய வந்தா. தலையில துணி கட்டி, கையில கம்பு, தோள்ல ரொட்டி மூட்டை, அந்த வயித்தோட. இது எங்க வீட்டு முறை, நான்தான் போவேன்னு நின்னா. நான் சும்மா விடுவேனா. முறைன்னா என்னன்னு உங்க ஊர்ல எப்படியோ, எங்க ஊர்ல மேய்க்கிறது யார் வேணும்னாலும் மேய்க்கலாம், மேய்க்கிறவனுக்குச் சோத்து மூட்டை கட்டிக் குடுக்கிறதுதான் முறைக்கார வீட்டோட வேலைன்னு அடிச்சு விட்டேன். பாதி உண்மை, பாதி அந்த நேரத்துக்கு வந்தது. அவ என்னை ஒரு பார்வை பாத்தா. அப்புறம் மூட்டையைப் பிரிச்சா. ஒரு ஆளுக்குக் கட்டின ரொட்டியும் காய்ஞ்ச தயிர் உருண்டையும் வாதாம் பருப்பும் இருந்துச்சு. உள்ள போய் இன்னும் ரொட்டி எடுத்துட்டு வந்து மூணா கட்டிக் குடுத்தா. கூடவே அவங்க ஊர் உலர்ந்த பாதாமிப் பழம் ஆளுக்கொரு கை. மூணு பேரும் பள்ளிக்கூடத்துப் பையன்கள் மாதிரி அதைத் தின்னுக்கிட்டே மந்தையோட மேட்டுல ஏறினாங்க. சாயங்காலம் ஒரு மாடுகூடக் குறையாம வந்து சேர்ந்துச்சு. மூணு ஆம்பளைகளும்தான் வெயில்ல சிவந்து, தொண்டை கட்டி வந்தாங்க. மலையில பாட்டுப் போட்டி வெச்சாங்களாம்.

ஆனா மாட்டை விக்கிற பேச்சு மாறலை. சனிக்கிழமை நான் போய்க் கேட்டப்பவும், பேசின வாக்கு பேசினதுதான்க்கான்னா. தொழுவத்துல நின்னு கறுப்பு மாட்டுக் கழுத்தைத் தேய்ச்சுவிட்டுக்கிட்டு இருந்தா. தேய்ச்ச கை நிக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து புலம்பித் தீர்த்தேன். சகின் டீயை உறிஞ்சிக்கிட்டே இருந்தார். எப்பவும் போல காதுல ஏறலைன்னு நினைச்சுட்டேன்.

ஞாயித்துக்கிழமை ஏடு பிரிச்சு முடிச்சு வெளிய வந்தா மாட்டைக் காணோம், போர்வைக்குள்ள அவரையும் காணோம். தெருவுல எட்டிப் பாத்தேன். கஷ்காவை ஓட்டிக்கிட்டுப் போறார், ஆனா மேட்டுப் பக்கம் இல்லை, கீழ. கஷ்காவுக்குக் குழப்பம், திரும்பித் திரும்பி மேட்டைப் பாக்குது. ஆளுக்குத் தூக்கம் தெளியலை, திசை மாறிட்டார்னு நான் கூப்பிட்டேன்.

"எனக்கெல்லாம் தெளிவாத்தான் இருக்கு. அவ ஒவ்வொரு கேட்டா மேல வந்தாள்ல? நான் ஒவ்வொரு கேட்டா கீழ போறேன்."

சொல்லிட்டு மக்சூத் வீட்டுக் கொக்கியைத் தூக்கினார். அந்த மாடும் சேர்ந்துக்கிச்சு. மக்சூத் பாதிச் சட்டையோட ஓடி வந்தார், விஷயம் தெரிஞ்சதும் அவரும் கூட நடந்தார். வாத்தியார் வீட்டு மாடு. அதுக்குக் கீழ உள்ள வீடுகள். கெஞ்ஜேகுலும் நானும் பின்னால ஓடினோம். போகப் போக, யாரு எவர் மாட்டை ஓட்டுறாங்கன்னே தெரியலை. மூச்சுவிட்ட ஆவியில தெரு பூரா புகைமூட்டமா இருந்துச்சு.

புருல்சுன் கேட்டுகிட்ட நின்னா. மாட்டுக் கழுத்துல புதுக் கயிறு, நுனி அவ கையில. வியாபாரி வர்ற நேரம் ஆயிருச்சு. தெரு மாடுகளெல்லாம் வந்து வேலி ஓரமா நின்னு கத்துச்சுங்க. கறுப்பு மாடு காதைத் தூக்கிக்கிட்டுப் பதிலுக்குக் கத்துச்சு, கயிறை இழுத்துச்சு.

"என்னண்ணே இது, மாடெல்லாம் ஏன் கீழ வருது?"

சகின் தொப்பியைக் கழட்டித் தலையைச் சொறிஞ்சார். பொம்பளைகிட்ட நின்னு பேசி அவருக்குப் பழக்கமில்லை. "உன் மாட்டைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கும்மா. அது தனியா நடக்காதாமே."

"நாளைக்கு?"

"நாளைக்கும் வரும்."

"மந்தை நின்ன பிறகு? பனி விழுந்த பிறகு?"

"அப்ப நானும் தூங்குவேன். பால் கறக்க இவ வருவா," என்னைக் கை காட்டினார், என்னை ஒரு வார்த்தை கேக்காமலே. நானும் வாளியோட வர்றேன்னு தலையை ஆட்டினேன். 

ஜன்னல்ல இருந்து தலந்தோட குரல் வந்துச்சு. "புருல்சுன், கயிறை விடு. நான் அம்மா வீட்டுக்கு வரலை. எனக்கு இந்தத் தெருவுதான் வேணும்."

அவ கயிறைச் சுத்திப் பிடிச்ச விரலெல்லாம் குளிர்ல சிவந்து போயிருந்துச்சு. அப்புறம் குனிய முடியாம குனிஞ்சு, மாட்டுக் கழுத்து முடிச்சை அவிழ்த்தா. கேட்டை அகலமாத் திறந்தா. கறுப்பு மாடு வெளிய வந்து கஷ்காவோட விலாவுல ஒட்டிக்கிட்டு மேட்டுப் பக்கம் திரும்புச்சு, மொத்த தெருவும் பின்னால திரும்புச்சு. அவ கேட்டுல சாய்ஞ்சு நின்னு அழுதா. நானும் அழுதேன். கெஞ்ஜேகுல் என்னத்துக்கு அழுறோம்னு தெரியாமலே எங்களைக் கட்டிக்கிட்டு அழுதா.

மாடுகள் மேட்டுல ஏறி மறைஞ்ச பிறகு வியாபாரியோட வண்டி புழுதி கிளப்பிக்கிட்டு வந்து நின்னுச்சு. ஹாரன் அடிச்சான். மாடு எங்கன்னு கேட்டான். புருல்சுன் முகத்தைத் துணியால துடைச்சுக்கிட்டு, மேய்ச்சலுக்குப் போயிருச்சு அண்ணே, பொழுது சாயத்தான் வரும்னா. அப்ப பொழுது சாய வந்து பிடிச்சுக்கவான்னு அவன் கேட்டான்.

"வாங்கண்ணே, தாராளமா வாங்க,"ன்னா அவ. "மாடு விக்கிறதுக்கு இல்லை. பால் ஊத்தின டீ இருக்கும், குடிச்சுட்டுப் போகலாம்."